அலுவலக இன்டீரியர்: வேலை செய்பவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை முதலிலேயே கண்டறிவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது பேர் முதல் அறுபது பேர் வரை வேலை செய்யும் அலுவலகத்துக்கு இன்டீரியர் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் டிசைனராக இருக்கலாம், கான்ட்ராக்டராக இருக்கலாம், "நீயே பார்த்துக்கொள்" என்று முதலாளி பொறுப்பை ஒப்படைத்த அட்மின் ஆளாகவும் இருக்கலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே லேப்டாப்பைத் திறந்து நான்கைந்து படங்களைக் காட்டி, "இதில் எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறார்கள். கிடைக்கும் பதில் அந்தப் படத்தைப் பற்றியதாகவே இருக்கும். அந்த அறையில் தினமும் ஒன்பது மணி நேரம் உட்காரப்போகிறவரின் தேவை அதில் துளியும் இருக்காது.

ஓர் இடம் ஒருவருக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் உடம்பில் தொடங்குகிறது: சூடு, குளிர், கண்கூச்சம், இரைச்சல். அதற்கடுத்து அவர் செய்யும் வேலை, உட்காரும் மூலை, பழகிய பழைய இடம், பதவி, நம்பிக்கை. நிறமும் அலங்காரமும் கடைசியில் வருகின்றன. கீழே உள்ள படிகளும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. வரிசையை மாற்றினால், வெட்டிய பிளைவுட்டை மறுபடி வெட்ட வேண்டிவரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- அளவு குறித்த தரைப்படம். ஜன்னல், தூண், ஏசி, கழிப்பறை, மின்பலகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். திசையும் குறித்திருக்க வேண்டும்.
- ஊழியர் பட்டியல். பெயரும் பதவியும் மட்டும் போதாது. யார் எத்தனை மணி நேரம் போனில் பேசுகிறார், யார் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், யாரைத் தேடி வெளியாட்கள் வருகிறார்கள் என்பதும் வேண்டும்.
- வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர், ஈரப்பதமும் காட்டும் ஒரு வெப்பமானி. போனில் வரும் லக்ஸ் ஆப் ஒரு மேசையை இன்னொரு மேசையோடு ஒப்பிட உதவும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.
- அளவு டேப், நான்கைந்து சுருள் மாஸ்கிங் டேப், பழைய அட்டைப்பெட்டிகள்.
- குறைந்தது இரண்டு வாரம். "வெள்ளிக்கிழமை டிசைன் வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் 2, 3, 4 ஆகிய படிகளையாவது விடாமல் செய்யுங்கள்.

1. மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதி வையுங்கள்

வாடகை ஒப்பந்தம் எதைத் தொட அனுமதிக்கிறது, ஏசியின் அவுட்டோர் யூனிட் எங்கே நிற்க முடியும், தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் போகிறது, கையில் இருக்கும் பணம் எவ்வளவு. இவற்றை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கொடுக்க முடியாத ஒன்றைப் பற்றி ஊழியர்களிடம் "வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு இல்லை என்றால் அவர்களுக்கு மனவருத்தம்தான் மிஞ்சும். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

வாஸ்துவையும் இந்தப் படியிலேயே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் பல முதலாளிகள் அதை முதல் நாள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அதெல்லாம் பெரிதாகப் பார்ப்பதில்லை" என்பார்கள். வேலை பாதி முடிந்ததும் வீட்டிலிருந்தோ ஜோசியரிடமிருந்தோ ஒரு சொல் வரும். என் அனுபவத்தில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முதலாளியின் கேபினுக்குச் சட்டம் அடித்து முடித்த பிறகுதான், அவர் கன்னி மூலையில் உட்கார வேண்டும் என்று தெரியவந்தது. ஒயரிங் உட்பட எல்லாவற்றையும் பிரித்தோம்.

அதனால் நேரடியாகவே நான்கு கேள்வி கேளுங்கள். தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில் உங்கள் அறை இருக்க வேண்டுமா? உட்காரும்போது கிழக்கு பார்க்க வேண்டுமா, வடக்கு பார்க்க வேண்டுமா? ஈசானிய மூலையில் (வடகிழக்கில்) பாரம் வைக்கலாமா? பேன்ட்ரி அக்னி மூலையில்தான் (தென்கிழக்கில்தான்) வர வேண்டுமா? உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. அந்த அறையில் உட்காரப்போகிறவரின் நிம்மதி அதில் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு வடிவமைப்புத் தேவைதான். சாமி படம் வைக்கும் அலமாரி எங்கே, ஆயுத பூஜைக்கு எல்லோரும் எங்கே கூடுவார்கள், செருப்பை வெளியே விடும் வழக்கம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

2. யாரிடமும் பேசும் முன் இரண்டு நாள் சும்மா பாருங்கள்

இப்போது இருக்கும் அலுவலகத்துக்குப் போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். காலை 11 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். இரண்டு நேரமும் தேவை. வெயில் இடம் மாறும், இரைச்சல் மாறும், சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்களின் தாங்கும் சக்தியும் மாறும்.

எதைப் பார்ப்பது? இடத்தோடு சமாளிக்க ஆட்கள் தாங்களாகச் செய்துகொண்ட சின்னச் சின்ன ஏற்பாடுகளைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாள். ஏசி காற்றைத் திருப்பிவிட டேப் போட்டுக் கட்டிய அட்டை. நாற்காலியின் முதுகில் எப்போதும் கிடக்கும் சால்வை. கழற்றி வைத்த டியூப் லைட். மேசைக்கடியில் உருளும் ஹெல்மெட். வயர் எட்டாமல் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி. பெரும்பாலும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் அதை வைத்திருப்பார்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒரு விருப்பம். வாயால் சொல்லும் விருப்பத்தைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அந்த மனிதர் இதற்காகக் கைவேலை செய்திருக்கிறார். கேட்டால் சொல்வாரா? பெரும்பாலும் மாட்டார். ஒரு தொந்தரவோடு ஆறு மாதம் பழகிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அனுமதி வாங்கிப் படம் எடுத்து, தரைப்படத்தில் அந்தந்த இடத்தில் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, "ஒழுங்கில்லாமல் வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்து இவற்றைத் தாண்டிப் போய்விடுவது. ஹெல்மெட்டுக்கு இடம் வைக்காத புது அலுவலகத்தில் முதல் வாரமே ஃபைல் அலமாரியின் மேல் ஹெல்மெட்டுகள் வரிசை கட்டி நிற்கும்.

3. உடம்பு உணர்வதை அளந்துவிடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். சூடு, வெளிச்சம், சத்தம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*சூடும் குளிரும்.* "ஏசி எவ்வளவில் வைக்கலாம்?" என்று பொதுவில் கேட்டால் அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரியும். இரண்டு பக்கமும் உண்மைதான் பேசுகிறார்கள். ஒருவர் உணரும் வெப்பத்தை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேங்கர் 1970-ல் வகுத்தார்: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவரும் கண்ணாடியும் வீசும் வெப்பம், காற்றோட்டத்தின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடல் உண்டாக்கும் சூடு. ரிமோட்டில் தெரியும் எண் இவற்றில் முதலாவதை மட்டும்தான் சொல்கிறது.

மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பிற்பகலில் 24 டிகிரியிலும் வேர்த்துப்போவார், ஏனென்றால் சூடேறிய கண்ணாடி அவர் மேல் வெப்பத்தை வீசுகிறது. அவருக்காக ஏசியைக் கூட்டினால் ஸ்பிளிட் ஏசிக்கு நேர்க்கீழே இருப்பவர் நடுங்குவார். அங்கே தீர்வு கண்ணாடிக்கு ஃபிலிம் அல்லது பிளைண்ட், காற்று நேராக விழாத இடத்துக்கு மேசை. ரிமோட்டுக்கு அதில் வேலையே இல்லை.

பெண்கள் குளிர்கிறது என்று சொன்னால் அதை விருப்பம் என்று சுருக்கிவிடாதீர்கள். கட்டடங்களின் குளிரூட்டலுக்குப் பயன்படுத்தும் உடல்வெப்பக் கணக்கு, சுமார் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணை வைத்துப் போடப்பட்டது. பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் எழுதினார்கள். அதாவது, அந்தக் கணக்கில் குளிரூட்டிய அறை பலருக்கு உண்மையிலேயே அளவுக்கு மீறிக் குளிர்ந்த அறை.

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. அதோடு ஒரு சீலிங் ஃபேனோ சுவர் ஃபேனோ இருந்தால், பலருக்கு 26 வரைகூட ஒத்துப்போகும். வாய்ப்பிருந்தால் ஏசி அறையிலும் ஃபேன் பாயின்ட் விடுங்கள். ஃபால்ஸ் சீலிங் அழகு கெடுகிறது என்று ஃபேனை எடுத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மின்வெட்டில் ஏசி நின்று யுபிஎஸ் மட்டும் ஓடும் அரை மணி நேரத்தில் அந்த ஃபேனின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

*வெளிச்சம்.* ஒவ்வொரு மேசையின் மேலும் லக்ஸ் மீட்டரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். படிக்கவும் எழுதவும் 300 முதல் 500 லக்ஸ் வரை தேவை. 150 காட்டும் மேசைக்காரர் "இந்த ஆபீஸ் டல்லா இருக்கு" என்பார், அவர் சுவரின் நிறத்தைக் குறை சொல்வதாக நீங்கள் புரிந்துகொள்வீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்ணுக்கு இளையவர்களைவிடக் கூடுதல் வெளிச்சம் தேவை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் மூத்தவர்கள் அதிகம் என்றால் அங்கே மேசை விளக்கைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சம் குறைவதைப் போலவே கண்கூச்சமும் ஒரு சிக்கல். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் திரையில் வெயில் பிரதிபலிக்கும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு மேசையைப் போடுவதே நல்லது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாள் தானாகக் கிழிந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

*சத்தம்.* திறந்தவெளி அலுவலகங்களில் ஆட்களை மிகவும் தொந்தரவு செய்வது பேச்சு. 300-க்கும் மேற்பட்ட அலுவலகக் கட்டடங்களில் 42,000-க்கும் மேற்பட்டோர் தந்த பதில்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், திறந்தவெளியில் இருப்பவர்களின் பெரிய குறை, அடுத்தவர் பேச்சு நம் காதிலும் நம் பேச்சு அடுத்தவர் காதிலும் விழாத தனிமை இல்லாததுதான். ஏசியின் சீரான இரைச்சலை மூளை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். புரியும் மொழியில் பக்கத்து மேசைக்காரர் கலெக்ஷன் பற்றிப் போனில் பேசினால் ஒதுக்க முடியாது. அதனால் யார் அதிகம் போன் பேசுகிறார், யாருக்கு அமைதி தேவை என்ற பட்டியலைத் தரைப்படத்தின் மேல் இரண்டு நிறத்தில் குறியுங்கள். இரண்டு நிறமும் அடுத்தடுத்து வரும் இடங்கள்தான் நாளைக்குச் சண்டை வரும் இடங்கள்.

4. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மேலாளர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் ஆபீஸ் உதவியாளரையும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தரை வழுக்குகிறது, எந்த மூலையில் தூசி சேர்கிறது, எந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"உங்களுக்கு எப்படிப்பட்ட ஆபீஸ் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் இணையத்தில் பார்த்த படம்தான் பதிலாக வரும். நடந்ததைக் கேளுங்கள்:

- போன வாரம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை செய்தீர்கள்?
- எழுந்து வேறு இடத்துக்குப் போனீர்களா? எதற்காக?
- ரகசியமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தால் எங்கே போகிறீர்கள்? (மாடிப்படி என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.)
- சாப்பாட்டை எங்கே, யாரோடு சாப்பிடுகிறீர்கள்?
- இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் இருந்த எது இங்கே இல்லை?
- ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றலாம் என்றால் எதை?

கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒன்றுதான் என்று கட்டுப்படுத்தும்போது ஆட்கள் உண்மையிலேயே வலிப்பதைச் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக் கேள்வியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் டிபன் பாக்ஸைத் திறந்து குழம்பையும் பொரியலையும் பகிர்ந்துகொள்ளும் அந்த அரை மணி நேரம்தான் பல பிரிவினர் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம். நாலு பேர் நின்று சாப்பிடும் கவுன்டர் போட்டுவிட்டு "கஃபே ஸ்டைல்" என்று சொன்னால், எல்லோரும் மீட்டிங் அறையில் போய்ச் சாப்பிடுவார்கள். பிறகு சாம்பார் வாசனையோடு கிளையன்ட் மீட்டிங் நடக்கும். எட்டுப் பேர் உட்காரும் மேசை, பக்கத்தில் கை கழுவ இடம், பாத்திரம் கழுவ ஒரு சிங்க். முதலில் இதற்கு இடம் ஒதுக்குங்கள்.

சொற்களில் ஏமாறாதீர்கள். "பளிச்சுன்னு இருக்கணும்" என்று முதலாளி சொன்னால் பளபளக்கும் லேமினேட்டை (பலகை மேல் ஒட்டும் மெல்லிய தகட்டை) நினைக்கிறார். அதையே இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் டேட்டா என்ட்ரி பெண் சொன்னால் வெளிச்சம் கேட்கிறார். "கசகசன்னு இருக்கு" என்பது வெக்கையாக இருக்கலாம், நெருக்கடியாகவும் இருக்கலாம். "மாடர்னா", "ரிச்சா", "சிம்பிளா" என்ற மூன்று சொற்களுக்கும் ஆளுக்கொரு பொருள் உண்டு. அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி, "நீங்கள் போன இடங்களில் எது அப்படி இருந்தது? அங்கே என்ன பிடித்தது?" என்று கேளுங்கள். ஒரு வங்கிக் கிளையையோ நகைக்கடையையோ பல் மருத்துவமனையையோ சொல்வார்கள். அந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் சொல்லின் பொருள் புரிந்துவிடும்.

5. கேட்டதை ஆறு குவியலாகப் பிரியுங்கள்

உடம்பு, வேலை, உட்காரும் இடம், பழக்கம், மரியாதை, நம்பிக்கை. ஒவ்வொரு பதிலையும் ஒரு சீட்டில் எழுதி இந்த ஆறில் ஒன்றில் போடுங்கள். ஒரே கோரிக்கை வெவ்வேறு ஆட்களிடமிருந்து வெவ்வேறு குவியலுக்குப் போகும். "எனக்குத் தனி கேபின் வேண்டும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கேட்டால் அது வேலை. பக்கத்து இரைச்சல் தாங்காமல் ஒருவர் கேட்டால் அது உடம்பு. இருபது வருடம் உழைத்த மேலாளர் கேட்டால் பெரும்பாலும் அது மரியாதை.

பிரிப்பதற்குக் காரணம், தீர்வு மாறும் என்பதுதான். மரியாதைக்காகக் கேட்டவருக்கு நூறு சதுர அடி கேபினுக்குப் பதில் ஜன்னலோர இடம், கொஞ்சம் பெரிய மேசை, எதிரே இரண்டு விசிட்டர் நாற்காலி கொடுத்தால் மனம் நிறையலாம். இரைச்சலுக்காகக் கேட்டவருக்கு அது எதற்கும் உதவாது.

பழக்கம் என்ற குவியலை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டியிருக்கிறார். பழைய மரமேசைதான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், முதலில் அந்த மேசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூட்டும் இழுப்பறையாக இருக்கலாம். புது மேசையிலும் பூட்டும் இழுப்பறை வைத்துவிட்டால் பிடிவாதம் தளர்ந்துவிடும். அப்படி ஒரு காரணமும் இல்லையென்றால் சில வாரங்களில் புதியதும் பழகிவிடும்.

6. நாற்காலியின் முதுகு எங்கே பார்க்கிறது என்பதை முடிவு செய்யுங்கள்

எல்லா அலுவலகங்களிலும் பிடிக்காத இருக்கை ஒன்று உண்டு. முதுகுக்குப் பின்னால் நடைபாதை இருக்கும் இருக்கை அது. எதிரே திறந்த பார்வை, பின்னால் ஒரு காப்பு, இரண்டும் உள்ள இடத்தைத்தான் மனிதர்கள் நாடுகிறார்கள் என்று ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-ல் எழுதினார். அவர் பேசியது நிலக்காட்சியைப் பற்றி. ஆனால் காலியாக இருக்கும் ஹோட்டலில் முதலில் நிரம்பும் மேசை எது என்று பாருங்கள், சுவரோர மேசைதான்.

எனவே தரைப்படத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் அம்பு போடுங்கள். முதுகுப் பக்கம் சுவர், அலமாரி, இன்னொருவரின் முதுகு, நடைபாதை என்று நான்கில் எது வருகிறது என்று எண்ணுங்கள். நடைபாதை வரும் இருக்கைகளைக் குறைப்பதற்காக இரண்டு இருக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்றே முதலாளியிடம் வாதாடுவேன். முடியாத இடத்தில் பின்னால் இடுப்புயர அலமாரியோ செடித்தொட்டி வரிசையோ வையுங்கள்.

பார்ட்டிஷன் உயரமும் இங்கேதான் வருகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 3¾ அடி உயரத்தில் இருக்கும். மூன்றரை அடி பார்ட்டிஷன் என்றால் எதிரே இருப்பவரின் முகம் நாள் முழுக்கத் தெரியும். நாலடி என்றால் கண் மறையும், கொஞ்சம் எக்கினால் பேசலாம். பேச்சு வளரும் என்று எல்லாத் தடுப்பையும் எடுக்கச் சொல்பவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: 2018-ல் பெர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள் திறந்தவெளிக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களை அளந்தபோது, நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

மேசையின் முன்பக்க மறைப்புப் பலகையையும் மறக்காதீர்கள். படத்தில் திறந்த கால் மேசை அழகாகத் தெரியும். கழிப்பறைக்குப் போகும் வழியைப் பார்த்தபடி, முன்பக்கம் மறைப்பில்லாத மேசையில் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் அவர் நாள் முழுக்கத் துப்பட்டாவையும் சேலையையும் சரிசெய்தபடியே இருக்க வேண்டும். அதை வாய்விட்டு யாரும் புகாராகச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி கேபினுக்கும் இதே கணக்குத்தான். கண் மட்டத்திலிருந்து முழங்கால் வரை ஃப்ராஸ்டட் ஃபிலிம் ஒட்டுங்கள்.

7. தரையில் டேப் ஒட்டி உட்கார்ந்து பாருங்கள்

3டி படத்தை இன்னும் காட்ட வேண்டாம். அதில் கேமரா கோணம் அகலமாக இருக்கும், பத்தடி அறை பதினாறடிபோலத் தெரியும். அதற்குச் சம்மதம் வாங்கினால், குடிபுகும் நாளில் "படத்தில் பெரிதாக இருந்ததே" என்ற கேள்வி வரும்.

புது இடத்தின் தரையில் மேசை, நடைபாதை, கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் உண்மை அளவில் ஒட்டுங்கள். பார்ட்டிஷன் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். நாலைந்து நாற்காலி போட்டு, நாலைந்து பேரை உட்கார வையுங்கள். ஒருவரை எழுந்து போகச் சொல்லுங்கள், இன்னொருவரை டீ டிரேயோடு நடக்கச் சொல்லுங்கள். முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு மேசைகளுக்கு இடையே ஐந்தடி போதுமா, ஆறடி வேண்டுமா என்ற விவாதம் அங்கேயே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் ஆசாரியிடம் சொல்லி ஒரே ஒரு வொர்க்ஸ்டேஷன் மட்டும் செய்து, பழைய அலுவலகத்தில் மூன்று நாள் போட்டு வையுங்கள். உயரமானவர் ஒருவர், குள்ளமானவர் ஒருவர், இரண்டு திரை வைத்து வேலை செய்பவர் ஒருவர் என்று ஆளுக்கொரு நாள் அதில் வேலை செய்யட்டும். கீபோர்டு தட்டு முழங்காலில் இடிப்பது, வயர் ஓட்டை தப்பான பக்கம் இருப்பது எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். ஒரு மேசையில் திருத்துவது எளிது. நாற்பதில் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

8. நிறமும் லேமினேட்டும் இப்போதுதான்

நிறத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் சுலபமாக வரும். அதனால்தான் முதலில் எடுத்தால் கூட்டத்தின் நேரம் முழுவதையும் அது சாப்பிட்டுவிடும்.

வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். தோற்றவர்கள் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளை சார்ந்த ஒரு பொது நிறம், மரநிறம் ஒன்று, சிறிய பரப்பில் அழுத்தமான நிறம் ஒன்று என மூன்றோடு நிறுத்துங்கள். நம் ஊரில் நிறங்களுக்குக் கட்சிக்கொடியின் ஞாபகமும் உண்டு. கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் வந்தாலே யாராவது கேட்பார்கள். லோகோ நிறமாகவே இருந்தாலும் சுவரில் பெரிதாகப் பூசும் முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடையில் கொடுக்கும் உள்ளங்கை அளவு மாதிரியில் முடிவெடுக்க வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி துண்டு வாங்கி, அந்த இடத்தில், அந்த விளக்கின் கீழ் வையுங்கள். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் மரநிறம் சாம்பல் பூத்துத் தெரியும். 3000-ல் வெள்ளைச் சுவர் மஞ்சளாகும். டியூப் லைட் வெள்ளையிலேயே வளர்ந்த பலருக்கு மஞ்சள் விளக்கு என்றால் மங்கல். அதனால் வேலை செய்யும் பகுதிக்கு 4000 கெல்வினை இரு தரப்புக்கும் பொதுவாக நான் பரிந்துரைப்பது வழக்கம். வரவேற்பறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் 3000 இருக்கட்டும்.

மேசைப் பரப்பு பளபளக்க வேண்டாம். விளக்கு அதில் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும், அடர்நிறமாக இருந்தால் விரல் ரேகை ஒவ்வொன்றும் தெரியும். துணி ஒட்டிய பார்ட்டிஷன் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் சாலையோரக் கட்டடத்தில் தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். ஹவுஸ்கீப்பிங் அக்கா சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

9. கொஞ்சத்தை அவர்கள் கையிலேயே விடுங்கள்

எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட சோதனைகளை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வெறும் மேசை மட்டும் உள்ள அறை, செடியும் படமும் மற்றவர்கள் வைத்துக்கொடுத்த அறை, வேலை செய்பவரே அவற்றைத் தன் விருப்பப்படி அடுக்கிக்கொண்ட அறை, அப்படி அடுக்கிய பிறகு ஆய்வாளர் வந்து கலைத்துவிட்ட அறை என நான்கு வகையில் ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். தானே அடுக்கியவர்கள்தான் சிறப்பாகச் செய்தார்கள். கலைத்ததும் அந்தப் பலன் போய்விட்டது.

பொருள் ஒன்றுதான், யார் வைத்தார்கள் என்பதுதான் வேறு. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பின் போர்டு, ஒரு திறந்த தட்டு, ஒரு மேசை விளக்கு, உயரம் மாற்றும் நாற்காலி, ஒரு யுஎஸ்பி ஃபேனுக்கு இணைப்பு. இவ்வளவு கொடுத்துவிட்டு அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதை அவர்களிடம் விடுங்கள். முருகன் படமோ குழந்தையின் படமோ அவர்கள் பாடு. புகைப்படம் எடுக்கும் நாளுக்காக எல்லாவற்றையும் எடுத்து ஒளிக்கச் சொல்லும் டிசைனர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

10. ஆறு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள்

மொத்தச் செலவில் ஐந்து சதவீதத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி முதலாளியிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். குடிபுகுந்த முதல் வாரம் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆறாவது வாரம் போங்கள். வெப்பமானியையும் லக்ஸ் மீட்டரையும் எடுத்துக்கொண்டு, அதே 11 மணிக்கும் 3 மணிக்கும் சுற்றுங்கள். 4-ஆம் படியின் கேள்விகளை அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள்.

அட்டை கட்டிய ஏசி, நாற்காலியில் சால்வை, திரையோரம் கண்ணாடி, மாடிப்படியில் போன் பேசுபவர். இவற்றில் எது புது இடத்திலும் முளைத்திருக்கிறதோ அதற்கு அந்த ஐந்து சதவீதத்தைச் செலவிடுங்கள். கடைசியாக நான் செய்த அலுவலகத்தில் அந்தப் பணம் இரண்டு சுவர் ஃபேனுக்கும், ஒரு மேற்கு ஜன்னல் பிளைண்டுக்கும், வாசலில் பன்னிரண்டு ஹெல்மெட் வைக்கும் ரேக்குக்கும் போனது.